பில்ட்மோர் தோட்டத்தில் சிஹூலியின் கண்ணாடி: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலைப்பாதை

வட கரோலைனா மாநிலத்தின் ஆஷ்வில் ஊரில் உள்ள பில்ட்மோர் மாளிகைத் தோட்டத்தில் 2018 மே 17 முதல் அக்டோபர் 7 வரை அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலியின் சிற்பங்களை வைத்திருந்தார்கள். சார்லட், ராலே பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பலர் அந்தக் கோடையில் போயிருப்பீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாம் வழக்கமாகக் கூட்டிப்போகும் இடம்தானே அது. "செம அழகு" என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், எதன் முன்னால் அதிக நேரம் நின்றீர்கள், எது எரிச்சலாக இருந்தது என்று எழுதுங்கள். முதலில் நான்.

எனக்குத் தோட்டம்தான் முக்கியம். கண்ணாடி அப்புறம்தான். பில்ட்மோர் தோட்டத்தை அமைத்தவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவர். அவர் கடைசியாக எடுத்துச் செய்த பெரிய வேலை இது. வாசல் கேட்டிலிருந்து மாளிகைக்குப் போகும் சாலை மூன்று மைல் நீளம். வளைந்து வளைந்து காட்டுக்குள்ளேயே போகும். எந்த வளைவிலும் கட்டடம் கண்ணில் படாது. கடைசித் திருப்பம் முடிந்ததும் 250 அறை கொண்ட மாளிகை மொத்தமாக முன்னால் வந்து நிற்கும். அதற்காகவே போட்ட சாலை. பகட்டான பூப்பாத்திகள் ஓம்ஸ்டெட்டுக்குப் பிடிக்காது. மரம், நிழல், ஓடை, இவைதான் அவருக்கு வேண்டும்.

அப்படி மறைத்து மறைத்துக் காட்டும் மனிதரின் தோட்டத்தில், மாளிகைக்கு நேர் எதிரே புல்வெளியில், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மஞ்சள் சூரியன். நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சுருள்கள் எல்லாப் பக்கமும் பீறிட்டுக்கொண்டு நிற்கின்றன. முதல் பார்வையில் எனக்குக் கோபம்தான் வந்தது. சுற்றி வந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. அந்தப் புல்வெளி காட்டுப் பக்கம் இல்லை. மாளிகையை வடிவமைத்த ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட்டின் பக்கம். கோடு போட்டு, சதுரம் வெட்டி, பிரெஞ்சு அரண்மனை மாதிரி அமைத்த இடம். பகட்டுக்கென்றே உள்ள இடத்தில் பகட்டான பொருள் பொருந்தத்தான் செய்கிறது. காட்டுப் பாதையில் இதே சூரியனை வைத்திருந்தால் மன்னித்திருக்க மாட்டேன்.

குளக்கரை

மலைப்பாதை அண்ணா, நாங்கள் மாமியாரோடு போனோம். அவருக்கு மாளிகைக்குள் நடந்தே கால் வலி. 65 கணப்பு அடுப்பு, 43 குளியலறை என்று காதில் மாட்டிய கருவி சொல்லிக்கொண்டே வர, "இத்தனையையும் யார் கழுவினாங்க?" என்றார். வெளியே வந்து இத்தாலியத் தோட்டத்தில் உட்கார்ந்ததும்தான் முகம் மலர்ந்தது.

தெரியாதவர்களுக்காக: இத்தாலியத் தோட்டம் என்பது மாளிகைக்குப் பக்கத்தில், சற்றுத் தாழ்வான தளத்தில், வரிசையாக மூன்று குளங்கள். கோடையில் தாமரையும் அல்லியும் பூத்திருக்கும், பெரிய பெரிய வண்ண மீன்கள் சுற்றும். அந்தத் தண்ணீரில் மரப் படகு ஒன்றை விட்டு, படகு நிறைய வண்ண வண்ணமாய்க் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்கள். மாமியார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நிஜத் தாமரை பக்கத்துலயே இருக்கே, அப்புறம் இது எதுக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் வந்தவர்களைக் கவனித்தேன். படகைப் படம் எடுக்க வந்தவர்கள், படகைப் பார்த்து முடித்ததும் கண்ணை எடுக்காமல் அப்படியே தாமரை இலை பக்கம் போனார்கள். இலையில் தண்ணீர் உருளுவதைக் காட்டிப் பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார்கள். கண்காட்சி இல்லாத நாளில் அந்தக் குளத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

கிட்டப் போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். வேலி கிடையாது, கைக்கெட்டும் தூரத்திலேயே சில சிற்பங்கள் இருந்தன. ஒரு கண்ணாடித் தண்டு அடியில் கட்டை விரல் பருமன், மேலே போகப் போக மெலிந்து நுனியில் சுருண்டிருந்தது. உள்ளே ஊசிமுனை அளவுக்குக் காற்றுக் குமிழ்கள். குமிழ் எதுவும் உருண்டையாக இல்லை. எல்லாம் தண்டின் போக்கிலேயே நீண்டு, நெல் மாதிரி ஆகியிருந்தன. கண்ணாடியை எந்தப் பக்கம் இழுத்தார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுருளுக்கும் பக்கத்துத் தண்டுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னி, நடுவில் உட்கார்ந்திருந்தது. மாமியார் கடைசிவரை படமெடுக்கச் சொன்னது அந்தச் சிலந்தியைத்தான்.

உலைக்காரன்

குளக்கரை தங்கச்சி, நல்ல கண் உங்களுக்கு. நீண்ட குமிழ் விஷயம் சரிதான். நான் கண்ணாடி ஆலையில் வேலை பார்த்தவன், சென்னைக்கு வெளியே. எங்களுடையது ஜன்னல் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை ஓடவிட்டுத் தகடாக எடுப்போம். குமிழ் ஒன்று தெரிந்தாலே அந்தத் துண்டு கழிவுதான். சிஹூலி சிற்பத்தில் குமிழோடு அப்படியே வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உலைக்குள் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் தேன் பதத்தில் கண்ணாடி இருக்கும். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அதைச் சுற்றி எடுத்து, ஊதி, சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுழற்றுவதை நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். மற்றவர்கள் தொங்கவிடக் கூடாது என்று பாடுபடுவார்கள். சிஹூலி குழுவினர் வேண்டுமென்றே தொங்கவிடுகிறார்கள். உயரத்திலிருந்து ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள, கண்ணாடி தன் எடையாலேயே கீழே இழுபட்டு நாணல் மாதிரி நீளும். வாய் அகலமான பூ வேண்டுமென்றால் வேகமாகச் சுழற்றுவார்கள், விளிம்பு தானாக விரிந்து அலை அலையாய் மடியும். அச்சு கொஞ்சம், மீதியெல்லாம் சூடும் எடையும் சுழற்சியும் செய்யும் வேலை.

செய்து முடித்ததும் வெளியே வைக்க முடியாது. வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உட்பக்கம் அப்புறம் சுருங்கப் பார்க்கும். அந்த இழுபறியில் தானாகவே வெடிக்கும், சில நேரம் மறுநாள்கூட. அதனால் கிட்டத்தட்ட 500 டிகிரி உள்ள அடுப்பில் வைத்து மெல்ல மெல்லச் சூட்டைக் குறைப்பார்கள். இதை ஒழுங்காகச் செய்த கண்ணாடி, வெயில் மழை எல்லாம் தாங்கும். தோட்டத்தில் வைக்கிற துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

பெரிய கோபுரங்கள் ஒரே துண்டு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உள்ளே எஃகுச் சட்டம் இருக்கும். நூற்றுக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியாகப் பெட்டியில் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் கழுத்தையும் சட்டத்தில் பொருத்திக் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டே போவார்கள். ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம்.

கறார்

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறேன்.

எனக்கு ஒட்டவில்லை. வாசலில் ஒன்று, குளத்தில் ஒன்று, மாடத்தில் ஒன்று; மூன்றாவதைப் பார்க்கும்போதே அடுத்தது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். மஞ்சள் சுருள் ஒரு இடத்தில், சிவப்புச் சுருள் இன்னொரு இடத்தில். செல்ஃபி எடுக்க நல்ல பின்னணி, ஒத்துக்கொள்கிறேன். அனுமதிக் கட்டணம் கொடுத்த கையோடு வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்த கடுப்பும் இதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

ஆனால் பெரிய கேள்வி வேறு. சிஹூலி 1976-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தார். 1979-ல் கடல் அலையில் விளையாடும்போது தோள்பட்டை நழுவியது. அதற்கப்புறம் ஊதுகுழலைப் பிடிக்கவே இல்லை. வரைந்து கொடுப்பார், பக்கத்தில் நின்று சொல்லுவார், செய்வது குழு. அப்படியிருக்க எல்லாவற்றின் மேலும் ஒரே பெயர் எப்படி வரும்? ஊதினவர் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

உலைக்காரன்

கறார் ஐயா, மூன்றாவது சிற்பத்தில் அலுப்பு வந்தது என்கிறீர்களே, அது நியாயம். எனக்கும் மஞ்சள் போதும் என்றாகிவிட்டது.

கை விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். கோயில் கோபுரத்தில் ஸ்தபதி ஒவ்வொரு சுதைக்கும் கை வைப்பதில்லை. அளவு சொல்லுவார், தப்பை இடிக்கச் சொல்லுவார். வேலை அவர் பெயரில்தான் நிற்கும். கொதிக்கும் கண்ணாடியில் இது இன்னும் அதிகம். பெரிய துண்டை ஒருவர் தனியாகச் செய்யவே முடியாது. ஒருவர் குழாயைச் சுழற்ற, ஒருவர் ஊத, ஒருவர் ஈரமான மரக் கட்டையைப் பிடிக்க, இன்னொருவர் சூடு முகத்தில் அடிக்காமல் பலகையால் மறைக்க வேண்டும்.

பெயர்ப்பலகையில் குழுவின் பெயர் போட்டிருக்கலாம் என்பது வேறு பேச்சு. அதில் நான் உங்கள் கட்சி.

மலைப்பாதை

இந்தச் சண்டைக்கு ஒரு முன்கதை இருக்கிறது, அதுவும் பில்ட்மோர் பக்கத்திலேயே.

1960-க்கு முன்னால் அமெரிக்காவில் கண்ணாடி என்றால் தொழிற்சாலைதான். வடிவமைப்பவர் ஒருவர், ஊதுபவர்கள் வேறு ஆட்கள். இதை மாற்றியவர் ஹார்வி லிட்டில்டன். 1962-ல் டொலிடோ அருங்காட்சியகத்தில் சின்ன உலையை வைத்துப் பயிலரங்கு நடத்தி, கலைஞர் ஒருவரே தன் கொட்டகையில் கண்ணாடி ஊத முடியும் என்று காட்டினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக்கென்று பாடம் தொடங்கினார். அங்கே படித்த மாணவர்களில் ஒருவர்தான் சிஹூலி.

மாணவர் 1968-ல் இத்தாலிக்குப் போய் வெனிஸில் வெனினி ஆலையில் வேலை பார்த்தார். அங்கே குழுவாகச் செய்வதைக் கண்டு, திரும்பி வந்து அதையே பிடித்துக்கொண்டார். குரு தொழிற்சாலைக் கூட்டத்திலிருந்து கண்ணாடியை ஒற்றை ஆளின் கைக்குக் கொண்டுவர, சிஷ்யர் அதை மறுபடி கூட்டத்திடமே கொடுத்துவிட்டார். கறார் ஐயா கேட்பது, அந்தக் குருவின் பக்கம் நின்று கேட்கிற கேள்வி.

லிட்டில்டன் பிற்காலத்தில் வந்து குடியேறியது எங்கே தெரியுமா? ஸ்ப்ரூஸ் பைன். ஆஷ்வில்லிலிருந்து காரில் ஒரு மணி நேரம் சொச்சம். பக்கத்திலேயே பென்லண்ட் கைவினைப் பள்ளி. இன்றைக்கும் அந்த மலைப்பக்கம் சின்னச் சின்னக் கண்ணாடிப் பட்டறைகள் இருக்கின்றன என்றால் இவர்கள் போட்ட விதை. பில்ட்மோருக்குப் போகிறவர்கள் பாதிநாளை மிச்சம் பிடித்து, அங்கே ஒரு பட்டறையில் ஊதுவதையும் பாருங்கள். சிற்பத்தை மட்டும் பார்ப்பதைவிட அது நன்றாக ஏறும்.

தேம்ஸ்கரை

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்ப லண்டன். பில்ட்மோர் பார்த்ததில்லை, ஆனால் இதே சிஹூலியைக் கியூ தோட்டத்தில் 2019-ல் கண்டேன். அதுவும் ஒருகாலத்தில் அரச குடும்பத்தின் தோட்டம்தான், ஆகவே இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கியூவில் விசேஷம் என்னவென்றால் கட்டடமே கண்ணாடி. டெம்பரேட் ஹவுஸ் என்ற பழைய கண்ணாடி வீட்டை ஐந்து வருஷம் மூடித் திருத்தி, 15,000 கண்ணாடித் தகடுகளை மாற்றி, 2018-ல்தான் திறந்தவர்கள். அடுத்த வருஷம் அதற்குள்ளேயே சிஹூலியின் கண்ணாடிப் பூக்களைத் தொங்கவிட்டார்கள். வெளியே கண்ணாடி, உள்ளே கண்ணாடி, நடுவில் மரங்கள். மேகம் வந்து போகும்போது கூரையும் பூவும் ஒன்றாக மங்கி ஒன்றாக வெளிச்சம் ஆகும்.

எனக்குப் பிடித்தது அல்லிக்குளம் இருக்கிற சின்னக் கண்ணாடி வீடு. உள்ளே சரியான புழுக்கம், எங்கட ஊர் ஆவணி மாதம் மாதிரி. மூக்குக்கண்ணாடி உடனே மூடிவிடும். துடைத்துப்போட்டுப் பார்த்தால், பச்சைத் தட்டுப்போல விரிந்த அல்லி இலைகளுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் கண்ணாடிப் பூக்கள். அதில் நிறத்தின் ஆர்ப்பாட்டம் இல்லை. கறார் ஐயா இதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் இளகியிருப்பார் என்று நினைக்கிறேன். என்ர மகள் கேட்டாள், "அப்பா, எது வளரும்?" என்று.

குளக்கரை அக்கா, அந்தப் படகுக்கு ஒரு கதை உண்டு. 1995-ல் பின்லாந்தில் நூட்டயார்வி என்ற ஊரில் சிஹூலி வேலை செய்தபோது, கண்ணாடித் துண்டுகளை ஆற்றில் எறிந்து பார்த்தாராம். மிதக்கிறதா, எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தான். ஊர்ப் பிள்ளைகள் சின்ன மரப் படகுகளில் போய் அவற்றைப் பொறுக்கி வந்தார்கள். நிறைந்த படகைப் பார்த்ததும் அப்படியே வைத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. அந்தப் பெடியன்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

குளக்கரை

தேம்ஸ்கரை அண்ணா, இந்தக் கதையை மாமியாரிடம் சொன்னேன். "அப்படின்னா சரி, பொறுக்கினது" என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். நிஜத் தாமரை கேள்வி அதோடு வாபஸ்.

இரவுப்பறவை

யாரும் இரவுக் காட்சியைப் பற்றி எழுதவில்லையே. பில்ட்மோரில் சில மாலைகளில் விளக்குப் போட்டுத் தனி டிக்கெட்டில் திறந்துவிட்டார்கள். நாங்கள் ஜூலையில் போனோம்.

பகலில் வெயில் கண்ணாடிக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுவதால், பின்னால் இருக்கும் மரமும் சுவரும் சேர்ந்தே தெரியும். இரவில் அடியிலிருந்து விளக்கு. பின்னணி அழிந்து, கண்ணாடி மட்டும் தனியாக நிற்கும். பார்க்க அட்டகாசம். ஆனால் தோட்டமே காணாமல் போய்விட்டது! மலைப்பாதை சொல்கிற ஓம்ஸ்டெட், ஹன்ட் யாரும் அங்கே இல்லை. எந்த ஊர் மைதானத்திலும் இதை வைத்திருக்கலாம். அந்தி மயங்கும் அரை மணி நேரம் மட்டும் இரண்டும் சேர்ந்து தெரிந்தது. வானம் நீலமாக இருக்கும், விளக்கும் போட்டிருப்பார்கள், மலைக்கோடும் தெரியும். இரவு டிக்கெட் எடுப்பவர்கள் சீக்கிரமே உள்ளே போய்விடுங்கள். மேல்தளத்தில் வைன் விற்கும் வரிசையில் நின்று அந்த அரை மணியைத் தொலைக்காதீர்கள்.

ஒரு சந்தேகம், உலைக்காரன் அண்ணாவுக்கு. ஆஷ்வில்லில் ஒரு பட்டறையில் ஊதா நிறத்தில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினேன். கடை வாசலில் வெயிலில் அருமையான ஊதா. வீட்டுக்கு வந்து சமையலறைக் குழல்விளக்கில் வைத்தால் வெளிறிய நீலம். ஏமாற்றிவிட்டார்களா?

உலைக்காரன்

ஏமாற்றவில்லை தம்பி, நல்ல சரக்குதான் வாங்கியிருக்கிறீர்கள். அதில் நியோடிமியம் ஆக்சைடு கலந்திருக்கும். அது மஞ்சள் ஒளியை மட்டும் ஒரு சின்னப் பட்டையாக விழுங்கிவிடும். வெயிலில் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருப்பதால், மஞ்சள் போக மீதி ஊதாவாகத் தெரியும். குழல்விளக்கில் ஒளி சில நிறங்களில் மட்டும் குவிந்திருக்கும், அதனால் கணக்கு மாறி நீலம் தட்டும். சிஹூலியும் இதே கண்ணாடியில் ஊதா நாணல்கள் செய்து பல தோட்டங்களில் நட்டிருக்கிறார். அவை வெளியிலேயே நிற்பதால் ஊதாவாகவே இருக்கும்.

கண்ணாடி ஊதுபவர்கள் ரோஜா நிறத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதிலும் இதே நியோடிமியம்தான், கூட பிரசியோடிமியம். சூடான கண்ணாடியில் உள்ள சோடியம் கண்ணைக் கூசும் மஞ்சள் சுடர் விடும். அதை மட்டும் வடிகட்டிவிட்டால் சுடருக்குள் வேலை தெளிவாகத் தெரியும். உங்கள் கிண்ணத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து ஒரு மஞ்சள் தெருவிளக்கைப் பாருங்கள், பழைய சோடியம் விளக்காக இருந்தால் நன்றாக மங்கும்.

கறார்

இதற்காகவே ஒரு கிண்ணம் வாங்கலாம் போலிருக்கிறது. பில்ட்மோரில் இன்னும் இருக்கிறதா, மறுபடி போய்ப் பார்க்க?

மலைப்பாதை

2018 தோட்டக் காட்சி அதோடு முடிந்தது. 2024 மார்ச் 25-ல் அதே வளாகத்தில் மறுபடி ஒரு சிஹூலி காட்சி வைத்தார்கள், ஆனால் தோட்டத்தில் இல்லை, ஆம்ஹெர்ஸ்ட் என்ற உள்ளரங்கத்தில். நடுவில் செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்து ஆஷ்வில்லைப் புரட்டிப் போட்டது. பில்ட்மோரையும் மூடிவிட்டு நவம்பர் 2-ல்தான் திறந்தார்கள். காட்சி 2025 ஜனவரி 5 வரை நடந்தது. நான் டிசம்பரில் போனேன். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது, சுவருக்குள் எனக்கு ஓடவில்லை. ஊரில் ஆற்றோரக் கலைப் பகுதியில் வெள்ளம் புகுந்து பல பட்டறைகள் போய்விட்டன. கிண்ணம் வாங்குவதென்றால் அங்கே மீண்டும் திறந்திருப்பவர்களிடம் வாங்குங்கள் ஐயா.

நிரந்தரமாகப் பார்க்க வேண்டுமென்றால் சியாட்டில், ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் அடியிலேயே 2012-லிருந்து அவருடைய தோட்டமும் கண்ணாடி வீடும் இருக்கின்றன. காசு செலவில்லாமல் என்றால் லாஸ் வேகஸில் பெலாஜியோ ஹோட்டல் வரவேற்புக்கூடம். கூரையில் சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள், 1998-லிருந்து. அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.